தண்ணீர்தான் காரணம்

மகேஸ்வரனைப் பழிவாங்கத் தவமலர் இரண்டு வருடம் காத்திருந்தாள். கியா பார்ம் என்ற ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவன் அவன். தக்காளி நிபுணன் என்று பேர். அவன் ஒன்று சொல்லிவிட்டால் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மறுபேச்சு கிடையாது.

அவள் கணவன் தனேஸ் அங்கே தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மகேஸ்வரனிடம் வாங்கிய நாற்றைத்தான் நட்டிருந்தான். பூ விடும் நேரத்தில் செடிகள் பச்சையாகவே தலை தொங்கின. தவுக்கே நிபுணனை வரவழைத்தார். அவன் ஒரு செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தான்.

"தண்ணி அதிகம். குடிகாரன் கையில பைப்பக் குடுத்தா இப்படித்தான்லா ஆகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனேஸ் குடியை விட்டு அப்போது ஒன்பது வருடம். தவமலர் வாடிய செடியோடு தானா ராத்தா டவுனுக்கு ஓடினாள். விவசாய இலாகாவில் வேலை பார்த்த ஷஹீதா, "பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா" என்று தண்டை அறுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டாள். அறுத்த இடத்திலிருந்து பால் போல ஒரு வெள்ளை நூல் இறங்கியது.

"இது கிருமி வாடல். தண்ணி ஊத்துனதால வந்த நோவு இல்ல. மண்ணுல இருந்தும் வரும், நாத்துல இருந்தும் வரும். எதுல இருந்துன்னு இத வச்சுச் சொல்ல முடியாது."

தவுக்கே அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று மகேஸ்வரன் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டிக் குத்தகையை முறித்தார். அந்த மாதமே தனேஸ் மறுபடியும் பாட்டிலைத் தொட்டான். தவமலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டப் போனாள். வெட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.

இந்த வருடம் அவள் மகேஸ்வரனின் பண்ணையில் ஒரு தட்டு நாற்று வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்தினாள். கடையில் வாங்கிய புது மண்ணைப் புதுப் பைகளில் நிரப்பி, தாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் வைத்து, கோப்பையால் அளந்து தண்ணீர் விட்டாள். பன்னிரண்டில் ஐந்து வாடின. ஒரு செடி சாவதைப் பார்த்து அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

மறுவாரம் தானா ராத்தா மண்டபத்தில் மகேஸ்வரன் விவசாயிகளுக்குப் புது ரகத்தைப் பற்றிப் பேசினான். பேச்சு முடிந்ததும் தவமலர் வாடிய செடியோடு முன்னால் போனாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இதுக்கு என்னாங்க நோவு?"

அவன் வேரை மோந்தான். "தண்ணிதான் காரணம். ஊத்தித் தள்ளியிருக்கீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இருவது வருஷமாப் பாக்குறேன்மா."

அவள் கத்தியை எடுத்துத் தண்டை அறுத்து, மேசையில் அவன் குடிக்க வைத்திருந்த கிளாஸில் தொங்கவிட்டாள். வெள்ளை நூல் இறங்க இறங்க முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"இது கிருமி வாடல். கடையில வாங்குன புது மண்ணுலதான் வச்சேன். நோவு உங்க நாத்துலயே இருக்கு. இந்தாங்க, உங்க பண்ணை ரசீது. நான் தனேஸ் சம்சாரம்."

யாரும் சிரிக்கவில்லை. மகேஸ்வரன் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த மாதம் முடிவதற்குள் பாதிப் பேர் அவனிடம் நாற்று எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

செய்தி கேட்டு ஷஹீதா போனில் கூப்பிட்டாள். "அக்கா, கடை மண்ணுலயும் கிருமி இருந்திருக்கலாம். ஒரு தட்ட வச்சு நாத்துதான்னு அடிச்சுச் சொல்லிட்டீங்களே. அவர் பண்ணுனதத்தான நீங்களும் பண்ணியிருக்கீங்க?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"அவன் எம்புருஷனப் பத்திச் சொன்னப்ப இந்த அளவுகூடப் பாக்கல."

அதற்கப்புறம் பலர் வாடிய இலைகளோடு தவமலரைத் தேடி லயத்துக்கு வந்தார்கள். எல்லோரையும் அவள் ஷஹீதாவிடமே அனுப்பினாள். "அந்தப் பொண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லும். அங்க போங்க."

மண்டபத்தில் நடந்ததை அன்று மாலையே தனேஸிடம் சொல்லியிருந்தாள். அவன் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"மொதல்ல இருந்து சொல்லு."