பூமாரிக்கு வந்த மசக்கை

போடி கடைவீதியில் வைகுண்டராஜின் பயறு பருப்புக் கடைக்குப் பின்கட்டிலேயே அவன் வீடு. தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, எள்ளு என்று மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும். அவன் பெண்டாட்டி பூமாரி நாலு மாசப் பிள்ளைத்தாச்சி. அவளோ ரசத்துச் சோறும் சுட்ட அப்பளமுமாகத் தின்று, எழுந்தால் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மாமியார் கஸ்தூரியம்மாள் கெட்டவள் இல்லை, கண்ணுகளா. பயந்தவள். பூமாரியின் முதல் பிள்ளை ஏழாம் மாசத்தில் தவறிப்போனது. அன்றிலிருந்து எதைக் கண்டாலும் நடுக்கம். பயறா, வாயு. முருங்கைக்கீரையா, வயிற்றைக் கலக்கும். எள்ளா, கரு கலைந்துவிடும். கொஞ்சம் கூடச் சோறு கேட்டால், "பிள்ளை பெருத்துப்போனா எப்படி வெளிய வரும்?" என்பாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெபராணி பூமாரியின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"ரத்தமே இல்லையே! முதப் பிள்ளை போனதுக்கப்புறம் உடம்பைத் தேத்திக்கிட்டுல்ல உண்டாகணும்? இப்படியே போனா இதுவும் தங்காது. முட்டை, ஈரல் சாப்பிடும்மா."

"நாங்க சைவம். இவ மாமனார் காலத்துல இருந்தே," என்றாள் கஸ்தூரியம்மாள்.

"இருக்கட்டுமே. கீரை, பயறு, எள்ளு, நெல்லிக்காய் குடுங்க. சத்து மாத்திரையை விடாம போடணும். சாப்பிட்ட கையோட காப்பி குடிக்கக் கூடாது."

கஸ்தூரியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அதைத் தின்றால் பிள்ளை கறுத்துப்போகுமாம். பிறகு அப்பளம் சுட உட்கார்ந்தாள்.

மறுநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பூமாரியின் அம்மா அன்னத்தாய் ஒரு கூடைத் திராட்சையோடு வந்து இறங்கினாள். திராட்சைக்கு அடியில் அவித்த முட்டை.

"ஈரலும் மீனுமாத் தின்னு வளந்தவ. உங்க சைவம்தான் மதினி எம் மகளை இப்படி வெளுக்க வச்சிருச்சு."

"எங்க வீட்டுக்குள்ள முட்டையா? வெளிய கொண்டு போங்க! திராட்சையும் வேண்டாம், கறுப்பு!"

"அப்ப உங்க பேரன் அப்பளம் கலர்லயா பிறக்கப் போறான்?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" பூமாரிக்கு மூச்சு வாங்கியது. "சைவம் என்ன பாவம் பண்ணுச்சு? சைவத்துல இருக்கிற ஒண்ணையும் அத்தை வாயில வைக்க விட மாட்டேங்கிறாக. எனக்கு நாத்தம் குமட்டுதுன்னு தெரிஞ்சும் நீ முட்டையைத் தூக்கிட்டு வர்ற. கடை நிறையப் பயறு கிடக்கு. நான் அப்பளத்தைத் தின்னே சாகவா?"

புருஷன்காரன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். "அம்மா சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தராசுக்கே திரும்பிவிட்டான். அன்னத்தாய் முட்டையோடு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் காதில் சீழ். அவள் போனதும் கஸ்தூரியம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மாசமா இருந்த மருமக மசக்கையில கேட்டதை இவ குடுக்கல. அதான் பச்சைப்பிள்ளைக்குக் காது வடியுது. இவளெல்லாம் ஒரு மாமியா!"

பூமாரி மெல்ல நிமிர்ந்தாள்.

"அத்தை, எனக்கும் மசக்கையா இருக்கு."

"சொல்லு ஆத்தா. மாங்காயா?"

"முருங்கைக்கீரை."

கஸ்தூரியம்மாள் விழித்தாள். "வேற?"

"எள்ளுருண்டை. முளைகட்டின தட்டாம்பயறு. நெல்லிக்காய். பரண்மேல இருக்கே மாத்திரை, அதுக்கும் நாக்கு ஏங்குது."

"மாத்திரைக்கு எவடி மசக்கைப்பட்டா?"

"நானா கேக்குறேன்? வயித்துல இருக்கிறது கேக்குது. தராட்டி விடுங்க. காதுதானே, வடிஞ்சுட்டுப் போகுது."

கஸ்தூரியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். "எள்ளு..." என்றாள். "கலைஞ்சு போச்சுன்னா?"

பூமாரிக்குக் கோபம் இறங்கிவிட்டது. "அத்தை, போன தடவை நான் எள்ளு தின்னேனா? பயறு தின்னேனா? இதே ரசமும் அப்பளமும்தானே. பிள்ளை தங்குச்சா?"

மாமியார் எழுந்தாள். கம்பை எடுத்துப் பரண்மேலிருந்து மாத்திரையைத் தட்டிவிட்டாள். பிறகு கொல்லைக்குப் போய், முருங்கை மரத்தைத் திட்டிக்கொண்டே கீரையை ஒடித்தாள்.

தை மாசம் நிறைமாசமாகப் பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் கையில் கொடுத்ததும் கஸ்தூரியம்மாள் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. நிறத்தையும் பார்க்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் பிள்ளையின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பசியோடு கிடந்த பூமாரியின் முன்னால் தூக்குச்சட்டியைத் திறந்தாள். ரசத்துச் சோறு. மேலே சுட்ட அப்பளம்.

"என்ன அத்தை இது?"

"பச்சை உடம்புக்காரி பயறு தின்னா பிள்ளைக்கு வயிறு உப்பிக்கிரும் ஆத்தா."

பூமாரி தலையைத் திருப்பி ஜெபராணியைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், பிள்ளை பெத்த பிறகும் மசக்கை வரும்னு கொஞ்சம் இவுகளுக்குச் சொல்லுங்களேன்."