அளவுக்கு மீறி

சங்கின் முதுகில் விரல் பட்டதுதான் தாமதம், இடுப்புக் கயிறு சுண்டி இழுத்தது. சிலுவை காலை உதறிப் பார்த்தான். கயிறு விடவில்லை. கலங்கிய மணலுக்குள் சங்கு மறைந்தது. வெறுங்கையோடு மேலே வந்து வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

"ஏன் மச்சான் இழுத்தீரு? நான் கயித்த ஆட்டவே இல்லியே!"

"அளவுக்கு மீறி இருந்துட்டீரு மாப்ள," என்றான் ரோச்.

அளவுக்கு மீறி. கேட்டுக் கேட்டுச் சிலுவைக்குக் காது புளித்திருந்தது. பெண்டாட்டி விக்டோரியாவிடம் குரல் உயர்த்தினாலும் அதுதான், கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி கறி கேட்டாலும் அதுதான். அந்த அளவு எது என்று மட்டும் ரோச் ஒருநாளும் சொன்னதில்லை. தன் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருப்பவன் போலவே நடந்துகொள்வான்.

சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது கரையின் வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? சிலுவைக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் பக்கத்து வள்ளத்துத் தனராஜ் முங்கும்போதெல்லாம் சங்கோடு வருகிறான். "ஏலே சிலுவை, ஒன் மச்சான் ஒன்னயக் குளிப்பாட்டத்தான் கூட்டிட்டு வாரானா?" என்று நேற்றுக் கரையே சிரித்தது. இன்றும் சங்குப் பை காலியென்றால் நாளை வள்ளத்தில் இடமில்லை என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார்.

"நீரு விடும் மச்சான். செல்வதுரை பிடிக்கட்டும்."

துடுப்புப் போடும் செல்வதுரை ரோச்சின் முகத்தைப் பார்த்தான். ரோச் கயிற்றை அவனிடம் நீட்டினான்.

"நான் ஆட்டுனாத்தாம்ல இழுக்கணும். அதுக்கு முன்னால தொடப்படாது," என்றான் சிலுவை.

"செரிண்ணே."

கீழே பச்சை வெளிச்சம். ஒரு சங்கு பைக்குள் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. யாரும் இழுக்கவில்லை. கடல் முதன்முறையாகத் தன் வீடு போல் இருந்தது. மூன்றாவது, கல்லிடுக்கில் கிடந்தது, பெரியது. கையை உள்ளே நுழைத்துத் திருகினான். நெஞ்சு எரிந்தது. காதுக்குள் மணியடித்தது. இந்த இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் இதற்கு முன்பே ரோச் இழுத்திருந்தான்.

சங்கை விட மனமில்லை. மறுகையால் கயிற்றைத் தேடினான். விரல்கள் மரத்திருந்தன.

அண்ணாந்து பார்த்தான். வள்ளத்தின் கருத்த வயிற்றருகே ரோச்சின் உருவம் தண்ணீரைத் தொடுமளவு குனிந்து நெளிந்தது. அதன் இரு கைகளும் ஒன்று மாற்றி ஒன்று, வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருந்தன.

செல்வதுரையின் பிடியில் கயிறு தளர்ந்து, நீரோட்டத்தில் பாசி போல ஆடிக்கொண்டிருந்தது.