எஞ்சினுக்கு ஒரு கடிதம்

கொட்டாஞ்சேனைக் கிளெமென்றுக்குத் துடுப்பு என்றாலே வேப்பங்காய். அவனும் வெள்ளவத்தையில் அறையெடுத்திருந்த பாலசுந்தரமும் பங்காக வாங்கிய சின்னப் பாய்ப்படகு ஹெந்தளை வாய்க்காலில் கிடந்தது. வாய்க்கால் போய்ச் சேரும் அகன்ற களப்புக்குப் போய்விட்டால் பாயை விரித்துவிட்டுக் கதைத்துக்கொண்டே போகலாம். அதுவரை இரண்டு மணித்தியாலம் துடுப்பு வலிக்க வேண்டும். திங்கட்கிழமை துறைமுகக் கந்தோரில் வேலைக்கு இருந்தால் கிளெமென்றுக்குக் கை நொந்து பேனை பிடிக்க வராது.

"சின்ன எஞ்சின் ஒண்டு பூட்டுவம் மச்சான்," என்றான்.

பாலசுந்தரம் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பவன். "இந்த யுத்த நேரத்தில எஞ்சின் எண்டா பொலிஸ் கடிதம் வேணும். கடிதம் எண்டா படகில போற ஆக்களின்ர பேர் வேணும். என்ர ஐடியில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டெல்லோ கிடக்கு. எங்களுக்குத் துடுப்பே காணும்."

கிளெமென்ற் விட்டால்தானே! இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, மண்ணெண்ணெயா பெற்றோலா, மூன்று குதிரைவலுவா ஐந்தா என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையே ஒரு சுகம். கடைசியில் பாலசுந்தரமும் மசிந்தான். பெற்றோல், மூன்று போதும் என்று முடிவானது.

ஒரு சனிக்கிழமை இருவரும் பொலிசுக்குப் போனார்கள். பாலசுந்தரம் வாசல் வாங்குப் பலகையில் இருந்தான். உள்ளே சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். படகில் வேறு யார் போவது? யாழ்ப்பாணத்து ஆட்கள் யாராவது?

அவர் தேநீர் குடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வடக்கில் யுத்தம் உச்சத்தில் நின்ற வருடம் அது. கிளெமென்றின் வாய் முந்திக்கொண்டது.

"நெஹே சேர், ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்," என்று சிங்களத்தில் சொன்னான். அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தான்.

கதவு திறந்துதான் கிடந்தது. பதினைந்து வருடக் கொழும்பு வாழ்க்கையில் பாலசுந்தரத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"ரெண்டு பேருக்கும் நல்லதெண்டுதான் அப்பிடிச் சொன்னனான்," என்றான் கிளெமென்ற், வெளியே வந்து.

"ஓம், விளங்குது. ஆனா இனி நான் படகில ஏறினா, வாய்க்கால் பாலத்துச் செக்பொயின்றில கடிதத்தைப் பாத்து உன்னையெல்லோ பொய்யன் எண்டு பிடிப்பாங்கள். நான் வரேல்ல மச்சான்."

பாலசுந்தரம் கோபித்திருந்தால் கிளெமென்ற் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்திருப்பான். இது அக்கறையில் சொன்னது. மறுக்க வழியே இல்லை.

பாலசுந்தரத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க மூன்று தரம் பொலிஸ் வாசல்வரை போனான். அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று கேட்டால்? மூன்று தரமும் பயம் திருப்பி அனுப்பியது. நீயெல்லாம் ஒரு சிநேகிதனா என்று தன்னையே ஏசிக்கொண்டான். ஏசி என்ன, விட்ட சொல் திரும்பி வருமா?

பொலிஸ் கடிதம் வந்ததும் எஞ்சினை வாங்கிப் பூட்டினான். தனியே போனபோது வாய்க்கால் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. களப்பில் அருமையான காற்று. பாயை அவிழ்க்க மனம் வரவில்லை. படகைத் திருப்பிக் கட்டிவிட்டு, பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனான்.

பாலசுந்தரம் கதவைத் திறந்தான். "வா, வா. எஞ்சின் எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுது மச்சான்," என்று சொல்லிவிட்டு, கிளெமென்ற் வாசலிலேயே நின்று அழுதான்.