வாசலில் சேவந்தி

ஐம்பத்தெட்டு வயதில் மௌரீன் சீன மொழி படிக்கக் கிளம்பியபோது பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. அவளுக்கென்ன, காரணம் இருந்தது. மகன் அமல் கம்பெனி வேலையாகச் சீனாவுக்குப் போன இடத்தில் யூலானைக் காதலித்துக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்திருந்தான். யூலானுக்கு இப்போது ஐந்தாம் மாதம். டிசம்பரில் அவளுடைய அம்மா வருகிறாள். வீட்டையும் மாமியாரையும் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் பெண்ணைப் பிரசவத்துக்குக் கையோடு கூட்டிப் போய்விடுவாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் ஊர் வழக்கமும்கூட என்பதால் மௌரீனால் வாய் திறக்கவும் முடியாது. கணவர் ஓஸ்வால்ட் போன பிறகு ஓய்ந்து கிடந்த வீட்டில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மல்லேஸ்வரத்தில் சுனிதா டீச்சர் சனிக்கிழமைகளில் நடத்திய வகுப்பில் இலக்கணப் பேச்சே கிடையாது. பண்டிகைக்கு ஒரு பாடம், பாடத்துக்கு ஒரு பலகாரம். புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை போல மடித்த ஜியாவ்ஸ், நிலாப் பண்டிகைக்கு மூன் கேக், பிறந்தநாளுக்கு உடைக்காமல் நீளமாய் விடும் நூடுல்ஸ். மாவு பிசைந்த கையோடு 'குழந்தை', 'சாப்பிடு', 'இங்கே', 'பிறப்பது' எல்லாம் சீனத்தில் வாயில் ஏறின. சம்பந்தியம்மாவுக்குச் சீனத்தில் தனிச் சொல்லே உண்டு என்று தெரிந்த அன்று, வீடு வரைக்கும் பஸ்ஸில் 'சிங்ஜியாமு, சிங்ஜியாமு' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டாள். அது கல்லறையைச் சுத்தம் செய்யும் பண்டிகை.

"வீட்ல மாசமா இருக்கிற பொண்ணு. சாவு சமாச்சாரம்லாம் இப்ப எதுக்கு டீச்சர்?"

டீச்சரும் வற்புறுத்தவில்லை. ஆனால் விட்ட பாடம் சும்மா விடுமா?

டிசம்பரில் சம்பந்தியம்மாவை அழைத்துவர அமலும் யூலானும் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மௌரீன் பூக்காரியிடம் இரு கை விரித்து அளந்த நாலு மாரு வெள்ளைச் சேவந்திச் சரம் வாங்கி வாசல் முழுக்கக் கட்டினாள். போன மாதம் கல்லறைத் திருநாளுக்கு ஓஸ்வால்டுக்கு வைத்ததும் இதே பூதான். ஆனால் பெங்களூரில் சேவந்தி இல்லாமல் எந்த நல்ல காரியம் நடக்கிறது?

சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு காரை விட்டு இறங்கினாள். வாசலைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பூவைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள், தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"மம்மி, அவங்க ஊர்ல வெள்ள சேவந்தி சமாதிக்குத்தான் வெப்பாங்க," என்றான் அமல். "மாசமா இருக்கிற பொண்ணு நுழையற வாசல்ல போய் கட்டியிருக்கியே!"

மௌரீன் ஸ்டூலில் ஏறிக் கை கிழியக் கிழிய அவ்வளவையும் பிய்த்தாள். 'மன்னியுங்கள்' என்பதைச் சீனத்தில் சொல்லிப் பார்த்தாள். சம்பந்தியம்மா மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சாயங்காலமே யூலானுக்கும் சேர்த்து டிக்கெட் விசாரிக்கச் சொன்னாள். யூலான் அழுதாள். மௌரீன் செய்துவைத்திருந்த எள்ளும் வெல்லமும் வைத்த உருண்டைகளை யாரும் தொடவில்லை.

விடிந்ததும் மௌரீன் அந்தப் பூவைக் கூடையில் அள்ளினாள். குப்பையில் போட மனம் வரவில்லை, வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. ஓஸ்வால்டுக்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று கிளம்பியபோது சம்பந்தியம்மா அறையிலிருந்து வந்து கூடையைப் பார்த்து நின்றாள். எதைச் சொல்வது? மௌரீன் சுவரில் இருந்த ஓஸ்வால்டின் போட்டோவைக் காட்டினாள்.

அந்தம்மா பூவையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்து, புரிந்ததுபோல் தலையசைத்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து செருப்பை மாட்டினாள். யூலானும் பின்னால் கிளம்பினாள். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள். மாசமாய் இருப்பவள் அங்கெல்லாம் வரக்கூடாது.

கல்லறைத் தோட்டத்தில் மௌரீன் பூவை வைப்பதற்குள் சம்பந்தியம்மா மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். தன் கைக்குட்டையை நனைத்து ஓஸ்வால்டின் பெயரை எழுத்தெழுத்தாகத் துடைத்தாள். மௌரீன் விட்டுவிட்ட பாடம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. சேவந்தியையும் ஆரஞ்சையும் வரிசையாக வைத்துவிட்டு, அந்தம்மா கைகூப்பி ஓஸ்வால்டிடம் பேசினாள். கடகடவென்று போன பேச்சில் மௌரீனுக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள்.

குழந்தை. இங்கே. பிறப்பது.

தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பயமாக இருந்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டி, தரையைக் காட்டி, "இங்கேயா?" என்று சீனத்தில் கேட்டாள்.

"சிங்ஜியாமு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

மௌரீன் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதாள். சம்பந்தியம்மா ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அவள் கையில் வைத்து, "சாப்பிடு" என்றாள்.

கல்லறையில் படைத்ததை எடுத்துத் தின்னும் பழக்கம் மௌரீன் வீட்டில் கிடையாது. அழுதுகொண்டே தின்றாள்.