அண்ணைக்குத் தெரியாமல் ஒரு ஏரி

இல்ஃபோர்ட் வீட்டில் பெட்டியை நிறுத்துப் பார்த்தபோது தராசே முனகியது. மூன்று நாள் பயணத்துக்கு என் மனைவி நகுலேஸ்வரி அடுக்கிய உடுப்பில் ஒரு கலியாண வீட்டுக்கே உடுத்திவிடலாம்.

அவள் உலகம் சுற்றியவள். பார்த்ததெல்லாம் சொந்தக்காரரின் முன்னறைகள். பாரிசில் ஈபிள் கோபுரத்தைச் சித்தியின் ஷோகேசுக்குள் கண்டாள், சாணுயரம் இருந்தது. நயாகராவுக்குப் புறப்பட்ட நாளில் வழியெல்லாம் வீடுகள், வீடெல்லாம் புட்டு; நீர்வீழ்ச்சி எங்களுக்காகக் காத்திருந்து வற்றியே போயிருக்கும். நான் பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வுபெற்ற அன்று சொன்னாள்: “ஒருக்காலாவது ஒரு ஊரை ஊராப் பாக்க வேணுமப்பா.”

அதனால்தான் ஏரிக்கரை ஊரான லுசேர்ன். அங்கேதான் அவளுடைய பெரியம்மாவின் மகன் சண்முகராசா அண்ணையும் இருக்கிறார். அவருக்கு மூச்சுவிடவில்லை. சொன்னால் சோறு கிடைக்கும், ஏரி கிடைக்காது.

காலைப் பனியில் பழைய மரப்பாலத்தைக் கடந்தோம். கூரைக்கடியில் இருந்த ஓவியங்களை அவள் அண்ணாந்தபடியே பார்த்து நடந்தாள். நான் கையைப் பிடித்திராவிட்டால் ஆற்றிலேயே நடந்திருப்பாள். அன்னங்கள் ஒவ்வொன்றும் நான் ஓட்டிய பஸ்ஸின் அளவு. கப்பலேறியதும் ஏரி எங்களை மெல்ல உள்ளே இழுத்தது. மலைகள் நீரில் தலைகீழாக நின்றன. எது அசல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பேசவேயில்லை. கலியாணமாகி அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

பிறகு முகம் துடைக்கக் கைலேஞ்சி எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே மிளகாய்த்தூள் பொதி வெடித்திருந்தது.

“ஆருக்கப்பா இது?” என்றேன்.

“ஒருத்தருக்குமில்லை. வெறுங்கையோட எப்பிடி வாறது?”

ஏரி மீன்களெல்லாம் தும்மின. கப்பல் குசினியிலிருந்து ஏப்ரன் கட்டிய ஒருவர் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“அக்கா, ஊரில எவடம்?”

அவள் வாய் தானாகத் திறந்தது. இரண்டாவது கேள்வியில் தகப்பனார் பெயரைப் பிடித்தார். மூன்றாவதில் முகம் மலர்ந்தது. “அட, எங்கட சண்முகராசா அண்ணையின்ர தங்கச்சியோ!” நான் வாயைத் திறக்குமுன் போன் அவர் காதில் இருந்தது.

அடுத்த துறையில் கப்பல் ஒதுங்கியபோது அண்ணை அங்கே நின்றார். காரில் வந்தாரா, பறந்து வந்தாரா தெரியாது.

“இறங்கு பிள்ளை! மச்சாள் இடியப்பத்துக்கு மா குழைச்சிட்டா!”

நான் எழுந்துவிட்டேன். எங்கள் சொந்தத்தில் இப்படியொரு அழைப்பைத் தட்டினால் அதைப் பேரப்பிள்ளைகளின் கலியாணத்திலும் பேசுவார்கள். நகுலேஸ்வரி கம்பியைப் பிடித்திருந்தாள்.

“இருங்கோ,” என்றாள் என்னிடம். பிறகு துறையை நோக்கி, குரல் உடைய: “அண்ணை, நாங்கள் ஏரி பாக்க வந்தனாங்கள்!”

கயிற்றை இழுத்தார்கள். இடையில் பச்சைத் தண்ணீர் அகன்றது. அண்ணையின் வாய் திறந்தபடியே சிறிதாகிக்கொண்டு போனது. அவள் முன்னால் மலைகளைப் பார்த்தாள். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் போகவில்லை. துறைப் படியில் மெல்ல உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் நீருக்குள் விட்டார். அந்தக் கால்களிலிருந்து கிளம்பிய வட்டம் விரிந்து, விரிந்து, எங்கள் கப்பலை வந்து தொட்டது.