பித்தளைப் பலகையில் ஒரே பெயர்

ஆர்ச்சியைப் புதைத்துவிட்டு வந்த மண் இன்னும் ஷூவில் காயவில்லை. அதற்குள் பப்பின் சுவரில் பித்தளைப் பலகை மாட்டிவிட்டார்கள். “‘வடிந்த கடல்’ பாட்டு இந்த அறையில் பிறந்தது. இயற்றியவர் டெஸ்மண்ட் பிராட்லி.”

அவனோடு அதே பாண்டில் டிரம்ஸ் அடித்த நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய பாண்டுக்காரர்கள் எல்லாரும் ஹல் நகருக்கு வருகிற நாளாயிற்றே, கையோடு பலகையையும் திறந்துவிடலாம் என்று பப்புக்காரர் முரே செய்த அசட்டுத்தனம் அது. மெட்டுப் போட்டவனைப் புதைத்த அன்றைக்கே அவன் பாட்டையும் சேர்த்துப் புதைக்க இவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

பாண்டுகளில் வழக்கம் அப்படி. வார்த்தை எழுதிப் பாடுகிறவன்தான் பாட்டுக்குச் சொந்தக்காரன். கிதார்காரன் கூட வாசித்தவன், அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக இசைத்தட்டில் டெஸ்மண்ட் பெயர் மட்டும் நின்றது. ஆர்ச்சி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அந்த வாயில்லாப்பூச்சி மேலும் அவளுக்குக் கோபம்தான். செத்துப்போனான் என்பதற்காக அது தணிந்துவிடுமா என்ன?

டெஸ்மண்ட் பீர் கோப்பையும் கையுமாகக் கதையளந்துகொண்டிருந்தான். எழுபத்தாறு வயதிலும் தலைக்குச் சாயம். ஒருநாள் காலையில் தனியாக இந்த அறையில் உட்கார்ந்திருந்தானாம்.

“கிதாரை மடியில வச்சேன். அந்த மெட்டு தானா வந்து விரல்ல உக்காந்துச்சு.”

நோரீன் எழுந்தாள். ஆர்ச்சியின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த அவனுடைய கிதாரைக் கொண்டுவந்து டெஸ்மண்ட் மடியில் வைத்தாள்.

“எப்படி உக்காந்துச்சுன்னு வாசிச்சுக் காட்டு, டெஸ்.”

வாசித்தான். வேறு ஏதோ பாட்டு மாதிரி வந்தது. மறுபடி முயன்றான், இன்னும் மோசம். அந்தப் பாட்டுக்கு மட்டும் ஆர்ச்சி கம்பிகளைத் தளர்த்தித் தனிச் சுருதி வைப்பான். பழைய ப்ளூஸ் கிதார்காரர்கள் மாதிரி, யாரும் பார்த்துவிடாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு வைப்பான். டெஸ்மண்ட் முன்னால் நின்று கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வயதாகிவிட்டது, விரல் மடங்கவில்லை என்று சிரித்து மழுப்பினான்.

“விரல் நல்லாத்தான் இருக்கு. சுருதிதான் உனக்குத் தெரியல. நீ போட்ட மெட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவன் முகம் சிவந்தது. “பாட்டு எனக்குன்னு ஆர்ச்சியே கையெழுத்து போட்டுக் குடுத்தான், நோரீன். செத்தவனை வச்சு இப்ப எதுக்கு வம்பு?”

“உசுரோட இருக்கும்போதே அவனைப் பேரில்லாதவனா ஆக்கிட்டே. இப்பதான் செத்தானாக்கும்?”

முரே பதறிப்போய் நடுவில் புகுந்தார். சண்டை எதற்கு, டெஸ்மண்ட் பாட்டையே பாடிவிடட்டும் என்றார். பாட்டு என்றதும் டெஸ்மண்டுக்குத் தெம்பு வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்பக்கம் யாரோ ஆர்ச்சியின் கிதார் மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அது இல்லாமல் அந்தப் பாட்டை எப்படித் தொடங்குவது? மேசைக்கு மேசை பரவியது. ஹாம் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். மெட்டு முடிந்ததும் டெஸ்மண்ட் மூச்சை இழுத்தான். கூட்டம் அவனை விடவில்லை; மறுபடி முதலிலிருந்து மெட்டையே பிடித்துக்கொண்டது.

நோரீன் சுவரருகே போய் நின்றாள். அழுகை வந்தது, அதையும் கோபம்தான் முழுங்கியது.

“முரே, ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வாங்க. இதோ இவங்க பாடுறாங்களே, இதைப் போட்டவன் பேரு இந்தப் பலகையில இல்ல.”

முரே டெஸ்மண்டைப் பார்த்தார். அவன் வாயைப் பாதி திறந்தபடி தன் முறைக்காக இன்னும் காத்துக்கொண்டு நின்றான். முரே ஸ்க்ரூடிரைவர் எடுக்க உள்ளே போனார்.