பச்சை வீட்டுச் சட்டைகள்

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் குடியிருப்புச் சங்கம் ஒரு திரையை மாட்டியிருந்தது. பன்னிரண்டு வீடுகளின் மின்செலவும் அதில் அன்றாடம் ஓடும். பதினோரு வீடு பச்சை. முதல் மாடி இஸ்திரியக்கா வீடு மட்டும் சிவப்பு. போகிறவர் வருகிறவரெல்லாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவார்கள். அத்தனை வீட்டுத் துணியும் அவள் வீட்டு மின்சாரத்தில்தான் தேய்க்கப்படுகிறது என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் பெட்டி பொருத்துகிறார்களாம். மாலை ஆறிலிருந்து பத்து வரை கரண்டை அதிகம் இழுக்கும் எதையும் அது தானாகவே நிறுத்திவிடுமாம். மற்ற பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

வேலைக்குப் போய் வருகிறவர்கள் துணி கொண்டுவந்து போடுவதே ஆறு மணிக்கு. காலை ஏழுக்கு அது மடிப்பு கலையாமல் கைக்குப் போக வேண்டும். அந்த நான்கு மணி நேரம் போனால் அவள் பிழைப்பே போச்சு.

"அந்த நேரத்துலதான் சார் எனக்கு வேலையே."

"பகல்ல தேய்ங்களேம்மா. பூமி சூடாகுது, நாமதானே பொறுப்பா இருக்கணும்?"

சொன்னவர் போட்டிருந்த சட்டை முந்தின நாள் அவள் தேய்த்தது. விறைத்து நின்ற அதன் காலரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் இஸ்திரிப் பெட்டி எப்ப சூடாகணும்னு நான்தான் சொல்லுவேன். கையெழுத்து கிடையாது."

"அப்போ சங்கம் கூடி முடிவெடுக்கும்."

"எடுங்க. நான் எடுத்துட்டேன்."

அன்று மாலையே பதினோரு துணிமூட்டைகளையும் தேய்க்காமல் அவரவர் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் முட்டி வலித்தது. மனசு மட்டும் குளுகுளுவென்றிருந்தது.

திங்கட்கிழமை மற்ற வீடுகளில் பெட்டி பொருத்தினார்கள். பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல! பரணில் கிடந்த இஸ்திரிப் பெட்டிகளெல்லாம் கீழே இறங்கின. மாலையில் செருகினால் ஸ்மார்ட் பெட்டி அணைத்துவிடுகிறது. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் செருக, கட்டடத்துக்கே கரண்ட் போனது. புதன்கிழமைக்குள் திரையில் ஏழு வீடு சிவந்துவிட்டது. மூன்று நாள் கை சும்மா இருந்ததில் அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் அவள் அதை முகத்தில் காட்டவில்லை.

வியாழன் காலை செயலாளர் வந்தார். கையில் ஒரு சட்டை, போட்டிருந்த சட்டையில் முதுகுப் பக்கம் கருகிய தடம்.

"அக்கா, இன்னைக்கு ஆபீஸ்ல பெரிய மீட்டிங்..."

"அந்தக் காகிதம்?"

"கிழிச்சாச்சு."

"திரை?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதைக் கழட்ட சங்கத்தைக் கேக்கணுமே."

"கசங்கின சட்டையோட போய்க் கேளுங்க."

கதவைச் சாத்திவிட்டு இஸ்திரி மேசையருகே வந்து நின்றாள். கீழே லிஃப்ட் பக்கம் ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் சுவிட்சைப் போட்டாள்.